வத்தல் நெடியும் ஒரு கிரேக்கச் சொல்லும்

நம்ம செட்டுப் பெண்டுகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் நம்மில் ஒருத்தி தன் மருமகளைப் பற்றி எழுதியிருந்தாள். "சரியான ஹிஸ்டீரியா கேஸு. ரெண்டு சாத்து சாத்தினாத்தான் அடங்குவா." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள். நான் குழுவை விட்டு வெளியேறிவிட்டேன். உடனே ஆளாளுக்குப் போன் போட்டு, "என்ன டீச்சர், கோவமா? வெளாட்டுக்குத்தான எழுதினா" என்று கேட்டீர்கள். கோபம்தான். எழுதியவள் யாரென்று இங்கே சொல்லப்போவதில்லை, அவளுக்கே தெரியும். சூடு சொரணை இருந்தால் கடைசி வரை படிக்கட்டும்.

அந்தச் சொல்லோடு நான் சின்ன வயதில் ஒரு கோடை முழுக்க ஒரே வீட்டில் குடியிருந்திருக்கிறேன். அது என்னவெல்லாம் செய்யும் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற வழியில் உள்ளே தள்ளி எங்கள் ஊர். நம்மில் பாதிப்பேர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தானே, கரிசலில் மாசி மாதம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். களமெல்லாம் மிளகாய்ப் பழம் காயும். கஞ்சி குடித்தாலும் தும்மல், கோலம் போட்டாலும் தும்மல். எங்கள் அப்பாவுக்கு நாலு ஏக்கர் மானாவாரி. கோபம் அதைவிட அதிகம். மாடு நடக்கவில்லையென்றால் மாட்டுக்கு அடி, மழை பெய்யவில்லையென்றால் வீட்டில் யாருக்காவது அடி. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அக்காவுக்குப் பதினேழு வயது. பத்தாவது பாஸாகியிருந்தாள். பஸ் ஏறிப் போய்ப் படிக்க வேண்டாம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

அக்கா முதல் தடவை விழுந்தது களத்தில்தான். நாங்கள் இரண்டு பேரும் மிளகாய் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தோம். அக்கா திடீரென்று நிமிர்ந்து, "ஏட்டி, என்னமோ கருகுது, ஒனக்கு வாசம் வருதா?" என்றாள். எனக்கு எதுவும் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. வலது கை மட்டும் முதலில் வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அப்படியே வத்தல் மேல் குப்புற விழுந்து உடம்பு முழுக்கத் துடித்தாள். வாயில் நுரை, நுரையில் ரத்தம். பாவாடை நனைந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓடிவந்து இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அக்காவின் கையில் திணித்தாள். இரும்பு பட்டால் நிற்கும் என்பார்கள். அது தானாக நின்றபோது சாவியின் பல் அவள் உள்ளங்கையில் பதிந்திருந்தது. அன்று தெறித்து விழுந்த அவளுடைய ஒற்றைக் கம்மலைத் தேடிக் களத்தோரத்து வெடிப்பில் தோள்பட்டை வரை கையை விட்டுத் துழாவினேன். அது இன்று வரை கிடைக்கவில்லை.

பெரியம்மாதான் முதலில் "காத்துக் கருப்பு" என்றாள். பேயோட்டுகிற கோடாங்கி வந்தார். உடுக்கடித்து, நடுநடுவே தெலுங்கில் என்னவோ முனகி, வேப்பங்குழையாலும் புளிய விளாராலும் அக்காவை அடித்தார். நன்றாகவே அடித்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடிப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னார். "தாயீ, ஒன்னய அடிக்கல. ஒம்மேல ஏறி இருக்கதத்தான் அடிக்கேன்." அடித்து முடித்ததும் அவள் காலருகே உட்கார்ந்து திருநீறு பூசி, குடிக்க மோர் கொடுக்கச் சொன்னார். அடுத்த வாரமே அக்கா மறுபடி விழுந்தாள்.

அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. பேப்பர் படிக்கிற மனுஷன் வீட்டில் உடுக்குச் சத்தமா என்று குதித்தார். அக்காவைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனார், துணைக்கு நானும் போனேன். அந்த டாக்டர் அக்காவிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அப்பாவிடம்தான்.

"கல்யாணம் ஆயிட்டா?"

"இன்னும் இல்ல டாக்டர்."

"வேற ஒண்ணுமில்ல, ஹிஸ்டீரியா. இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு வாரதுதான். நாலு பேர் பாக்கும்போதுதான் விழும், பாத்துப் பதனமாத்தான் விழும். காலாகாலத்துல கல்யாணத்தப் பண்ணி வைங்க. ஒரு பிள்ளையப் பெத்துட்டா இருந்த எடம் தெரியாமப் போயிரும்."

"அது வரைக்கும் என்ன செய்ய?"

"கண்டுக்கிடாதீங்க. ரொம்பப் பண்ணினா ரெண்டு தட்டு தட்டுங்க, எந்திரிச்சிரும்."

நான் குறுக்கே விழுந்து, "நாக்கக் கடிச்சிக்கிடுதா டாக்டர், ரத்தம் வருது" என்றேன். அப்பா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஊரில் இறங்கியதும் டீக்கடையில் சொன்னார், மந்தையில் சொன்னார், வீட்டில் அம்மாவுக்கு மூன்று தடவை சொல்லிக் காட்டினார். "பேயும் இல்ல பிசாசும் இல்ல. ஹிஸ்டீரியா. இங்கிலீஷ் வைத்தியத்துல இதுக்குப் பேரு ஹிஸ்டீரியா." அந்தச் சொல் வந்த நாளோடு எங்கள் வீட்டில் அக்காவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விட்டது. யோசித்துப் பாருங்கள். பேய் என்று நம்பிய வரைக்கும், அடித்தவர்கள் பேயை அடித்தார்கள். பிள்ளைமேல் பாவப்பட்டார்கள், கொஞ்சம் பயப்படவும் செய்தார்கள். ஹிஸ்டீரியா என்று ஆனபிறகு அடி வாங்குவதற்கு அக்காவைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

விழுந்து துடித்துக்கொண்டிருக்கும்போதே கன்னத்தில் அறைந்தார்கள். நிற்காவிட்டால் வத்தலைச் சட்டியில் போட்டுக் கருக்கி மூக்குக்கு நேரே பிடித்தார்கள். திருஷ்டி கழிக்கும்போது நெடி ஏறவில்லையென்றால் கண்ணேறு என்பார்களே, அதே கணக்கு. நெடி ஏறி இருமினால் நடிப்பு. இருமாமல் கிடந்தால் அழுத்தக்காரி, இன்னும் ரெண்டு வத்தலைப் போடு. எங்கள் வீட்டில் வத்தலுக்கா பஞ்சம்?

அக்காவுக்கு விழுந்தபிறகு நடப்பது எதுவும் தெரியாது. இதைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை. அரைமணி நேரம் கழித்துக் கண் முழிப்பாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் மிரள மிரளப் பார்ப்பாள். பிறகு கன்னம் எரிவது தெரியும், உதட்டைத் தொட்டுப் பார்ப்பாள், என்னைத் தேடுவாள்.

"ஏட்டி, இன்னைக்கு யாரு?"

நான் சொல்வேன். "அப்பா." இன்னொரு நாள், "பெரியம்மா, வெளக்குமாத்தால." அவள் "ம்" என்று கேட்டுக்கொள்வாள். எந்தக் கை அடித்தது என்று தெரிந்தால் போதும் அவளுக்கு.

டாக்டர் சொன்ன கல்யாண மருந்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமன், முப்பது வயதாகியும் பெண் கிடைக்காமல் டிராக்டர் ஓட்டிக்கொண்டு திரிந்தான். மாமனை இப்படி அவன் இவன் என்று எழுதுவது மரியாதை இல்லைதான். இல்லாவிட்டால் போகட்டும். பேச்சு முடிந்த நாளிலிருந்தே அவன் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தான். வந்த அன்று அக்கா விழுந்துவிட்டால் அவனுக்குக் கொண்டாட்டம். "நீங்க தள்ளுங்க அத்தான். இப்பவே அடக்கி வச்சாத்தான் பின்னால வழிக்கு வருவா" என்று வேட்டியை மடித்துக் கட்டுவான். செருப்புக் காலால் அவள் விலாவில் மிதித்ததை நான் பார்த்தேன். அப்பா வேறு பக்கம் திரும்பிப் பீடி பற்றவைத்தார். அன்று அக்கா முழித்துக் கேட்டபோது "மாமா" என்றேன். "காலாலயா?" என்றாள். விலாவைப் பிடித்துக்கொண்டே எழுந்து போய் வாந்தி எடுத்தாள்.

அம்மா மட்டும் அதுவரை அடிக்கவில்லை. அழுவாள், சாமி கும்பிடுவாள், அடிக்கிற கைக்குக் குறுக்கே மட்டும் வரமாட்டாள். ஒரு நாள் அக்கா அடுப்படியில் விழுந்து கம்பங்கூழ்ப் பானையைத் தட்டிவிட்டாள். மொத்த வீட்டுக்கும் அதுதான் சாப்பாடு. அம்மாவுக்கு என்ன ஆனதோ, அவளைப் புரட்டிப் போட்டு இரண்டு கையாலும் மாறி மாறி அறைந்தாள். கண்ணாடி வளையல் உடைந்து அக்காவின் தாடையில் கீறிவிட்டது. முழித்ததும் அக்கா வழக்கம்போல, "இன்னைக்கு யாரு?" என்றாள். "யாருமில்லக்கா, விழுந்ததுல பட்டுருச்சு" என்று பொய் சொன்னேன். அவள் தாடையைத் தடவி, ஒட்டியிருந்த பச்சைக் கண்ணாடித் துணுக்கை எடுத்துப் பார்த்தாள். "அம்மாவா?" அத்தனை நாள் அடிக்கும் அழாதவள் அன்று தேம்பித் தேம்பி அழுதாள். நானும் அழுதேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி அந்தச் சொல்லின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் உயிரியல் டீச்சரான பிறகுதான் எனக்கே தெரியும். அது இங்கிலீஷ்காரனுடையது இல்லை, பழைய கிரேக்க வைத்தியத்திலிருந்து வந்தது. ஹிஸ்டெரா என்றால் அவர்கள் பாஷையில் கருப்பை. பிள்ளை பெறாத பெண்ணின் கருப்பை சும்மா இருக்காதாம். உடம்புக்குள்ளேயே மேலும் கீழும் ஊர் சுற்றுமாம், நெஞ்சை அடைக்குமாம், அதனால்தான் மூச்சு முட்டி விழுகிறாளாம். அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? மூக்கில் நாற்றம் பிடித்த புகையைக் காட்டினால் கருப்பை பயந்து கீழே இறங்கிவிடுமாம். அடுத்த வைத்தியம், கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெறச் செய்வது. படித்த அன்று ஸ்டாஃப் ரூமில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் காலத்துக் கிரேக்கனுக்கும் எங்கள் ஊர் வத்தல் சட்டிக்கும் யாரடி தபால் போட்டது? இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே கிரேக்க வைத்தியர்கள் வலிப்பு என்பது சாமி குற்றம் இல்லை, மூளையில் வருகிற வியாதி என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நல்ல சேதி எங்கள் ஊருக்கு பஸ் ஏறவில்லை. இது மட்டும் ஏறி வந்துவிட்டது.

பங்குனியில் பூ வைக்க நாள் குறித்தார்கள். காலையிலேயே மாமன் வீட்டு ஆட்கள் தட்டுத் தாம்பாளத்தோடு வந்து முன்கட்டுப் பட்டாசாலையில் நிறைந்துவிட்டார்கள். பின்கட்டில் சமையலுக்கு இடித்த மிளகாய்த் தூள் சொளகில் குவிந்து கிடந்தது. அக்கா அதன் பக்கத்தில்தான் நின்றாள். பெரியம்மா வந்து "வா தாயி, ஒக்காரு" என்று கையைப் பிடித்தபோது அவள் கையை உதறினாள்.

"எனக்கு வேண்டாம். நான் மாமாவக் கட்டிக்கிட மாட்டேன்."

நல்ல தெளிவாக, நிதானமாகச் சொன்னாள். வாசல் வரை கேட்டது. மாமன் எழுந்து பின்கட்டுக்கே வந்துவிட்டான். "பாத்தியளா, ஆரம்பிச்சுட்டா ஹிஸ்டீரியாவ" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓங்கி அறைந்தான். விழுந்து துடித்தால் ஹிஸ்டீரியா, சரி. நேராக நின்று வேண்டாம் என்று சொன்னால் அதுவுமா?

ஒரு விஷயத்தை அவன் மறந்துவிட்டான். அன்று அக்கா முழித்திருந்தாள். அந்தச் சொல்லின் பேரில் தான் அடி வாங்குவதை அவளே கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். சொளகில் கையை விட்டாள். இரண்டு கை நிறைய மிளகாய்த் தூளை அள்ளி அவன் கண்ணிலேயே அப்பினாள்.

அவன் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மூஞ்சியைப் பிறாண்டிக்கொண்டு தரையில் விழுந்தான். உருண்டான், காலை உதைத்தான், மூக்கிலும் வாயிலும் ஒழுகியது. மூச்சு வாங்க முடியாமல் உடம்பு வில்லாக வளைந்தது. அவ்வளவுதான், வீடே அவன்மேல் விழுந்தது. "ஐயோ எம்புள்ள!" "தண்ணி, தண்ணி!" "மோரக் கொண்டா!" "தலையத் தாங்கிப் பிடி, பதனம்!" ஒருத்தி முந்தானையால் விசிறினாள். அப்பா அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். தன் வாழ்நாளில் அப்படி ஒரு காட்சியை அவள் பார்த்ததில்லை. குனிந்து என் காதில் கேட்டாள்.

"ஏட்டி, நானும் இப்படித்தான் கெடப்பேனா?"

"ஆமாக்கா."

"இம்புட்டுப் பேரும் தண்ணி கொண்டு வருவாகளா?"



மாமன் வீட்டார் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் அப்பா தொழுவத்திலிருந்து தார்க்கம்பை எடுத்து வந்தார். மாட்டை அடிக்கிற கம்பு. அது முறிகிற வரை அடித்தார். அடியின் நடுவிலேயே அக்காவுக்கு வலது கை இழுக்க ஆரம்பித்தது. "நடிக்கியா? இன்னுமா நடிக்க?" என்று முறிந்த பாதியாலும் அடித்தார். ஒன்று நிற்கும் முன் அடுத்தது வந்தது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நாங்கள் பார்த்துப் பயந்த எந்த நாளும் இப்படி இருந்ததில்லை. அப்போதுதான் அம்மா ஓடிவந்து அக்காவின்மேல் கவிழ்ந்து படுத்தாள். இரண்டு அடி அம்மாவின் முதுகில் விழுந்தது. "என்னயக் கொல்லுங்க. எம்புள்ளையக் கொன்னுறாதிய!" என்று கத்தினாள். அவள் அப்பாவை எதிர்த்துக் கத்தி நான் கேட்டது அன்றுதான். அப்பா கையிலிருந்ததைக் கீழே போட்டார்.

வத்தல் மூட்டை ஏற்றுகிற வேனில் போட்டுப் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அம்மா அக்காவின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஊசி போட்டு, சாயங்காலம் போல துடிப்பு நின்றது. அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். அக்காவின் முதுகையும் விலாவையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் என்ன?" என்று கேட்டார்.

"ஹிஸ்டீரியா டாக்டர்" என்றார் அப்பா.

"நான் நோயக் கேக்கல. காயத்தக் கேட்டேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து அக்கா கண்ணைத் திறந்தாள். மிரள மிரள எங்களைப் பார்த்தாள், என்னைக் கண்டுபிடித்தாள். நாக்கு வீங்கியிருந்ததால் குழறிக் குழறிக் கேட்டாள்.

"ஏட்டி… இன்னைக்கு யாரு?"

டாக்டர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூட்டிப்போய் உட்காரவைத்துக் கேட்டார். எந்தக் கை முதலில் இழுக்கும், முன்னால் ஏதாவது வாசம் வருகிறது என்று சொல்வாளா, நாக்கைக் கடிப்பாளா, துணி நனையுமா? எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தது யார் யார் என்றும் ஒருத்தர் விடாமல் சொன்னேன். அது வலிப்பு நோய் என்றார். தினமும் விடாமல் மாத்திரை போட வேண்டும் என்றார். அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டு, துடிக்கும்போது ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும், கையில் இரும்பு வேண்டாம், புகை வேண்டாம், இன்னொரு தடவை உடம்பில் காயம் பார்த்தால் போலீஸுக்குச் சொல்லிவிடுவேன் என்றார். ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, அவ்வளவுதான்! அது கிடைக்காமலா அந்தப் பாடு பட்டாள்!

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் படித்தவன் சொன்னதைக் கேட்டுத்தான் நடந்தார். மூட நம்பிக்கையை விட்டுவிட்டோம் என்ற பெருமையில் அடித்தார். இது இப்போதுதான் புரிகிறது. புரிந்துவிட்டதால் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

அக்கா தையல் படித்தாள். கல்யாணம் வேண்டாம் என்றாள், யாரும் வற்புறுத்தவில்லை. மாத்திரை ஆரம்பித்தபின் எப்போதாவது ஒரு தடவை விழுவாள், பிறகு அதுவும் நின்றது. அந்தச் சொல்லின் அர்த்தத்தை நான் போய்ச் சொன்னபோது மெஷினை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "கருப்பை ஊர் சுத்துமாமா? அதுக்காவது குடுத்து வச்சிருக்கே! நான் சுத்திப் பாத்த ஊரெல்லாம் ஆஸ்பத்திரிதானட்டி."

இனி கடைசியாக ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவைப் பக்கவாதம் படுக்கையில் போட்டது. அவரைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அக்காதான். நான் ஊருக்குப் போயிருந்த ஒரு காலை, எங்கள் கண் முன்னாலேயே அவருக்குக் கை இழுத்தது, கட்டிலிலிருந்து சரிந்து விழுந்து துடித்தார். அம்மா பதறிப்போய், "சாவி, சாவி எங்க?" என்று தேடினாள். "ஒண்ணும் வேண்டாம்மா, சும்மா இரு" என்று சொல்லிவிட்டு அக்கா அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். தலைக்கடியில் தான் தைத்த துணியை மடித்து வைத்தாள். வாயைத் துடைத்தாள். நனைந்த வேட்டியை மூடினாள். நிற்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்பா கண் முழித்து மிரள மிரளப் பார்த்தார். விழுந்ததில் கட்டில் சட்டம் இடித்து நெற்றி வீங்கியிருந்தது. அதைத் தடவிப் பார்த்தார்.

"யாரு… என்னய யாரு அடிச்சா?"

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். எனக்குப் பதில் தொண்டை வரை வந்துவிட்டது. நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அக்கா என்னைப் பார்த்து, பேசாதே என்று தலையை ஆட்டினாள்.

"யாரும் அடிக்கலப்பா. இங்கன யாரும் அடிக்க மாட்டாக. பயப்படாமத் தூங்குங்க."

சொல்லிவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினாள். அவளுடைய காலை மாத்திரைக்கு நேரமாகியிருந்தது, தண்ணீர் மொண்டு போட்டுக்கொண்டாள்.